முப்பத்தேழு

டகோமாவில் இறங்கிய மூன்றாம் நாள் அவள் வந்தாள்.
வெளியே மழை.
வீட்டுச் சாமான்களில் பாதி இன்னும் லாரியில்,
லாரி எந்த மாநிலத்தில் என்று யாருக்கும் தெரியாது.
கணவன் காலை நாலரைக்கே பூட்ஸ் மாட்டிக்கொண்டு
போய்விட்டானாம்.

டெல்ஃபீன் ஆர்சனோ.
மார்போடு அணைத்த சிவப்புக் கோப்பு.
பக்கத்தில் எமெட், ஒன்பது வயது,
சக்கர நாற்காலியின் கைப்பிடியில்
ஒற்றை விரலால் தாளம் போட்டபடி.

கோப்பை நான் திறக்கவில்லை.
"எத்தனையாவது எண்ணில் இருந்தீர்கள்?" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
இந்த ஊரில் முதல்முறையாக
யாரோ அவள் பாஷையில் பேசியதுபோல.

"முப்பத்தேழு."

கன்சாஸில் பெயர் எழுதிய அன்று
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொரு ஜனவரியும் போன் செய்து கேட்பாளாம்.
எண்ணூற்று அறுபது.
ஐந்நூற்று மூன்று.
எமெட்டுக்குப் பால்பற்கள் விழுந்து முளைத்தன.
நூற்றுத் தொண்ணூறு.
எண் குறைகிறதே, முன்னால் நின்றவர்கள்
எங்கே போனார்கள் என்று
ஒரே ஒரு முறை யோசித்தாள்.
அன்றிரவு தூங்கவில்லை.

முப்பத்தேழுக்கு வந்த வாரம்
மாற்றல் உத்தரவும் வந்தது.
படைக்கு இது ஒரே நாடு.
கொடியில் ஐம்பது நட்சத்திரம்,
ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு தனி விண்ணப்பம்.
பரமபதத்தில் மேல் வரிசையில் படுத்திருக்குமே
ஒரு பெரிய பாம்பு,
அதன் பெயர் இங்கே இடமாற்றம்.

என்னை வேலைக்கு எடுத்தவர்கள்
என் படிப்பைக் கேட்டார்கள்.
ஏழு வீடு, நாலு மாநிலம்,
வாய் பேசாத என் லூபே,
இதையெல்லாம் கேட்கவில்லை.
சம்பளம் மட்டும் படிப்புக்கு.

விதிப்படி ஒரு வண்ணத் துண்டறிக்கை கொடுக்க வேண்டும்.
கொடுத்தேன்.
அதன் முதுகில் பேனாவால் எழுதினேன்:
செவ்வாய், காலை எட்டே கால். மார்வெல்லாவைக் கேள்.
சந்தேகம் என்று சொல்லாதே, பாட்டுப் போட்டுவிடுவார்கள்.
மாற்றல் வழக்கு என்று சொல்.
பள்ளியில் "பரிசீலிக்கிறோம்" என்பார்கள்.
"அதுவரைக்கும்?" என்று கேள்.
கேட்டுவிட்டுச் சும்மா இரு.
அந்த மௌனம் அவர்களுக்குப் பொறுக்காது.
நாற்காலி ரிப்பேர்: மருந்துக்கடைக்கு மேலே, மாடியில்.
ஆமாம், மாடியில்தான்.
விசில் அடித்தால் இறங்கி வருவான்.

பிறகு புது விண்ணப்பம்.
எமெட் என் ஸ்டேப்ளரை ஆராய்ந்துகொண்டிருந்தான்.
கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரை காட்டியது:
ஆயிரத்து எழுநூற்று ஆறு.
வாசித்துச் சொல்ல வாய் வரவில்லை.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
அவள் அதைச் சிவப்புக் கோப்பின் உள்ளட்டையில்
குறித்துக்கொண்டாள்,
பால் கணக்குப் போல.

ஏழு மாதம் கழித்து மறுபடி வந்தாள்.
கையில் ஒரு கடித உறை,
அதன்மேல் மூன்று மஞ்சள் ஒட்டுகள்,
மூன்று முகவரி தாண்டி வந்தது.
கன்சாஸ்.
மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம்,
உங்கள் முறை வந்துவிட்டது.

சிரித்தோம். காவலாளி எட்டிப் பார்க்கும் அளவுக்கு.
சிரிப்பு எங்கே மாறியது என்று தெரியவில்லை,
மேசையிலிருந்த காகிதக் கைக்குட்டை தீர்ந்துபோனது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"நான் பதில் போடாவிட்டால்
இந்த இடம் என்னவாகும்?"
"முப்பது நாள் சும்மா கிடக்கும்."
"எனக்குப் பின்னால் ஒருவர் இருப்பாரே."
"இருப்பார்."
"முப்பத்தெட்டு."

போனை ஒலிபெருக்கியில் போட்டேன்.
எங்கள் அழைப்பு முக்கியமானதாம்.
பாட்டுத் தொடங்கியது,
தகர டப்பாவுக்குள் பியானோ விழுந்ததுபோல ஒன்று.
பத்து நிமிடம். இருபது.
டெல்ஃபீன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.
எமெட் மட்டும்
அந்தப் பாட்டுக்கு
எங்கேயோ ஒரு தாளம் கண்டுபிடித்துவிட்டான்.